நாருக்குக் குறுக்கே ஒரு மடிப்பு

நாற்பத்தொன்பதாவது வீட்டைத் தில்லைநாதன் செய்யவில்லை.

குடியேற்றத் திட்டத்தில் மொத்தம் நாற்பத்தெட்டு வீடுகள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவை நாற்பத்தெட்டுக் குடும்பங்கள். இரண்டு கிழமையாகச் சாப்பாட்டு மேசையைப் பிடித்து வைத்துக்கொண்டு, காகித மட்டையில் கீறி, மடித்து, மாப்பசை வைத்து அவர் ஒட்டியதும் நாற்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து புதுக்குளத்து அணைக்கட்டில் நின்று இந்த மாதிரியைப் பார்க்கப் போகிறார். கந்தோர்க் கூரை ஒழுகியபடியால், படம் வரையும் உத்தியோகத்தரான தில்லைநாதனை வீட்டில் வைத்தே செய்யச் சொல்லி எஞ்சினியர் அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, கார்த்திகை மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, ஈரமண் வாசமும் மாப்பசையின் புளித்த வாசமும் கலந்து அறையில் கனத்துக் கிடக்க, கடைசித் தடவையாக எண்ணிப் பார்ப்போம் என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனவருக்கு ஒன்று கூடிவிட்டது.

மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்பது.

அதுவும் வீடு நிற்கக்கூடாத இடத்தில் நின்றது. குளத்துத் தண்ணீருக்காக அவர் நீலம் தீட்டிய பகுதியில், கரையிலிருந்து மூன்று விரற்கடை உள்ளே, தனியாக. மற்ற வீடுகளுக்கு ஓட்டுக் கூரை. இதற்குக் கிடுகு வேய்ந்த கூரைபோலப் பழுப்பு நிறம். முன்பக்கத்தில் ஒரு கதவு, சாத்தியபடி.

மடிப்பு விஷயத்தில் தில்லைநாதனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மட்டைக்கும் மரத்தைப்போல நாரோட்டம் இருக்கிறது என்பதும், இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்து இணங்குகிற பக்கமாகத்தான் மடிக்கவேண்டும் என்பதும் கந்தோரில் அவருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. முதலில் கத்தியின் மொட்டை முதுகால் ஒரு கோடு கீறவேண்டும். வெட்டக்கூடாது, தழும்பு மட்டும் விழவேண்டும். கீறல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க, மட்டையை அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்க்கவேண்டும். உள்பக்கமாக மடித்தால் பிதுங்கும். தடித்த மட்டை என்றால் கீறிவிட்டு ஒரு நாள் ஈரக்காற்றில் வைத்து நாரை இளகவிட்டு, மறுநாள் ஒரே மூச்சில் மடித்து, மடிப்பின்மேல் சோகியால் ஒருதரம் தேய்த்துவிட்டால் போதும். நாயாற்றுக் கடற்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான சோகி அது, சட்டைப் பையிலிருந்து இறங்காது.

வீட்டைக் கையில் எடுத்தார். சில்லென்று இருந்தது. ஈரம். மூலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்பு நாருக்குக் குறுக்கே போயிருந்தது. அப்படி மடித்தால் எந்த மட்டையும் வெடிக்கும், வெள்ளை நார் பிசிறு பிசிறாக வெளியே தெரியும். இதில் ஒரு மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. இப்படித் தன்னால் மடிக்க முடியாது என்று நினைத்தபோது அவருக்கு முதலில் பொறாமைதான் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான்.

"கமலா, இந்த மேசைப் பக்கம் ஆரும் வந்தவையே?"

"இந்த மழைக்குள்ள ஆரப்பா வரப்போகினம்?" குசினிக்குள் இருந்து பெண்சாதி கமலாசனி கேட்டாள். "நீங்கள்தானே விடியத் தொடக்கம் அதுக்குப் பக்கத்தில குந்தியிருக்கிறியள்."

அது உண்மைதான். அவர் எழும்பவே இல்லை. குசினிக்குப் போய், அவள் பார்க்காத நேரத்தில் அந்த வீட்டை அடுப்புக்குள் போட்டார். உடனே பற்றவில்லை. சீறியது. பச்சைச் சேற்று வாசம், குளம் வற்றும்போது அடியிலிருந்து கிளம்புகிற வாசம், குசினி முழுக்கப் பரவியது.

"என்னத்தை எரிக்கிறியள்?"

"பிழைச்ச மட்டை" என்றார்.

புதன்கிழமை பின்னேரம் அது அதே இடத்தில் நின்றது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கதவுக்கு முன்னால் ஒரு சின்னச் சிரட்டையில் பால் வைத்திருந்தது.

மகள் அருந்ததி மேசைக்குக் கீழே இருந்து எழும்பி வந்தாள். ஏழு வயது. தாயோடு போய் இந்த இரண்டு வருடத்தில் குடியேற்றத்து வீடுகளில் முக்கால்வாசிக் குடிபூரலைப் பார்த்தவள். புது வீட்டு வாசலில் கல் வைத்து நெருப்பு மூட்டிப் பால் காய்ச்சுவது, பொங்கி வழிந்தால் எல்லாரும் சிரிப்பது, அதற்குப் பிறகுதான் பெட்டி படுக்கையோடு ஆட்கள் உள்ளே போவது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"அப்பா, இந்த வீட்டுக்கு நான்தான் பால் காய்ச்சினனான்."

"ஏன் காய்ச்சினனீ?"

"மற்ற வீடெல்லாத்துக்கும் ஆக்கள் வந்திட்டினம். இதுக்குக் குடிபூரல் நடக்கேல்ல. அப்பிடியெண்டால் இதுக்கு ஆக்கள் எப்பிடி வாறது?"

தில்லைநாதன் மேசைக்குக் குனிந்தார். விளையாட்டுத்தான். குழந்தைகள் மண்ணில் சோறு சமைப்பதில்லையா? சிரட்டையை எடுத்துப் பார்த்தார். பால் சூடாக இருந்தது. ஏடு படிந்திருந்தது. நடுவில் மட்டும் ஏடு கிழிந்து, பாதிப் பால் குறைந்திருந்தது. அவர் சிரட்டையை முற்றத்து மழைக்குள் வீசிவிட்டு, நீலம் தீட்டிய அந்த இடத்தில் முன்பு இருந்தது யாருடைய வீடு என்பதைத் தனக்குள் ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை முதல் பார்வையிலேயே தெரிந்ததுதான். தெரியாததுபோல் ஒரு நாளை ஓட்டியிருந்தார், அவ்வளவுதான்.

வீரகத்தியின் வீடு.

மூன்று வருடங்களுக்கு முன்பு, குளம் கட்டுவதற்காக வந்த பெரிய நில அளவைப் படம் அவருடைய வரைபலகையைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. வெறும் காடு என்று அவர் நினைத்த ஓர் இடத்தில் படத்தை உள்ளே மடித்து, மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, இரண்டு விரல் அகலத்தை ஒளித்து, சோகியால் தேய்த்தார். பிறகு விரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மடிப்பு அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது, அது அங்கே இருப்பதையே அவர் மறந்துபோனார். அதன்மேல் தாள் வைத்துப் பிரதி எடுத்தார். அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் குளம் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் கோட்டுக்குள் அகப்படுகிற வீடுகளுக்கு, வளவை விட்டு எழும்பச் சொல்லி அறிவித்தல் போனது.

ஒரு நாள் மத்தியானம் வீரகத்தி கந்தோருக்கு வந்தான். காட்டோரத்தில் வரகும் குரக்கனும் விதைத்துக்கொண்டு நெடுங்காலமாக இருந்த குடும்பம். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஐயா, எங்கட வளவுக்கும் தண்ணி வருமெண்டு சனம் கதைக்குது. எங்களுக்குக் கடிதம் ஒண்டும் வரேல்ல. அதுதான் கேப்பமெண்டு வந்தனான்."

தில்லைநாதன் பிரதியை விரித்துப் பார்த்தார். கோட்டுக்குள் அவனுடைய வீடு இல்லை. கோட்டுக்கு வெளியிலும் இல்லை என்பதை அவர் பார்க்கவில்லை.

"கோட்டுக்குள்ள நீங்கள் இல்லை. பயப்பிடாமப் போங்கோ" என்றார்.

அந்தக் கார்த்திகையில் மேற்குக் காட்டில் பெய்த மழைக்குக் குளம் ஒரே இரவில் நிறைந்தது. வீரகத்தியும் பெண்சாதியும் ஒரு பாலை மரக் கிளையில் கிடைத்தார்கள். ஏழு வயது மகள் கிடைக்கவே இல்லை. எழும்பச் சொல்லியும் பிடிவாதமாக இருந்துவிட்டார்கள் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். அன்று பின்னேரம் தில்லைநாதன் தனியாக இருந்து பழைய படத்தின் மடிப்பை விரித்தார். அந்த இரண்டு விரல் அகலத்துக்குள், சிவப்பு மையில், ஒரு சின்னச் சதுரம். அவர் அதை விரலால் ஒருமுறை தொட்டார். பிறகு மடிப்பைப் பழையபடி மடித்து, சோகியால் தேய்த்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை, கமலாசனிக்கும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை பொழுதுபடும் நேரம், அருந்ததி குட்டி நித்திரையால் எழும்பியபோது அவளுடைய நெற்றியில் ஒரு கோடு இருந்தது.

"பாய்த் தழும்பு" என்றாள் கமலாசனி. "முகத்தைக் கழுவிவிட்டால் போயிடும்."

கழுவியும் போகவில்லை. பாயின் தழும்பு என்றால் பக்கத்தில் பக்கத்தில் பல கோடு விழும், கன்னத்தில் விழும். இது ஒரே கோடு. வகிட்டின் நேரே தொடங்கி, இரண்டு புருவத்துக்கும் நடுவே, மூக்கின் நுனிவரை. தில்லைநாதன் பிள்ளையை மடியில் இருத்தி விரலால் தடவிப் பார்த்தார். மேடாக இல்லை. பள்ளமாக இருந்தது. கத்தியின் மொட்டை முதுகால் ஒரே இழுப்பில் கீறியதுபோல் நேராக இருந்தது.

"நோகுதா, அம்மா?"

"இல்லை. குளிருது."

பிள்ளையின் தோல் ஈரமாக இருந்தது. துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது.

வீட்டை அன்றைக்கு எரிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதன்மேல் ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து, கடகத்துக்குமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். கமலாசனி அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மூளை கீளை பிசகிப்போச்சோ?" என்று கேட்டாள். அவர் குழவியை இன்னும் கொஞ்சம் நடுவே தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டப் போன கமலாசனி அவரைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருக்கவில்லை.

கழுத்தடியில் குறுக்கே ஒரு கோடு. நெஞ்சுக்குக் கீழே ஒன்று. இடுப்பில் ஒன்று. இரண்டு தொடையிலும், இரண்டு முழங்காலுக்கும் மேலே. எல்லாம் நேர்கோடு. இடைவெளி எல்லாம் அளந்து வைத்ததுபோல் சமம்.

"ஏதும் பூச்சி கீச்சி ஊர்ந்ததோ தெரியேல்ல" என்றாள் கமலாசனி. "மத்தியானத்துக்குப் பிறகு அப்போதிக்கரிட்டை மருந்துக்குக் கொண்டு போவம்."

தில்லைநாதன் கோடுகளைக் கண்ணால் அளந்தார். மட்டையை வெட்டி, கோடுகளைக் கீறி, மடிப்பதற்கு முன் தட்டையாக மேசையில் கிடக்கும்போது எதன் உருவம் எப்படி வரும் என்று அவருடைய கண் தானாகவே மடித்துப் பார்த்துவிடும். பதினெட்டு வருடப் பழக்கம். வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்லக் கண் மடித்துப் பார்த்தது. கீறல்கள் எல்லாம் முன்பக்கத்தில் இருந்தன. கீறல் வெளிப்பக்கம் இருக்கவேண்டும். அப்படியானால் மடிப்பு பின்பக்கமாக விழும்.

அந்தப் பக்கமாக மனிதர் மடிவதில்லை.

நேற்றுக் கீறினது. ஒரு நாள் ஈரக்காற்றில் வைப்பது. பிறகு ஒரே மூச்சில் மடிப்பது. அப்படியென்றால் இன்றைக்கு.

"நான் கந்தோருக்குப் போட்டு வாறன்" என்றார். "பிள்ளையைப் படுக்க விடாதை. மடியிலயே வைச்சிரு."

"ஏனப்பா?"

"சொன்னதைக் கேள், கமலா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. படத்தை எடுப்பது, மடிப்பை விரிப்பது, எஞ்சினியரின் மேசையில் வைப்பது, இது என் கை செய்த வேலை என்று சொல்வது. உத்தியோகம் போகும். மறியலில் அடைத்தாலும் அடைக்கலாம். போகட்டும், பிள்ளை இருந்தால் போதும். குளக்கட்டு நெடுகிலும் அவர் இதையே சொல்லிக்கொண்டு மிதித்தார். இடதுபக்கத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் விளிம்புவரை கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எஞ்சினியர் மேடை போடுகிற இடத்தில் நின்றார், கந்தோரில் இல்லை. தில்லைநாதன் அலுமாரியைத் திறந்து படத்தை மேசையில் விரித்தார். மூன்று வருட மடிப்பு, நகத்தை உள்ளே விட்டுத்தான் கிளப்பவேண்டியிருந்தது. உள்ளே தாள் நனைந்திருந்தது. சேற்று வாசம் வந்தது. சிவப்புச் சதுரம் அப்படியே இருந்தது.

அந்த நேரம், குளத்து வேலையை மேற்பார்த்த ஓவசியர் மயில்வாகனம் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன தில்லைநாதன், மாதிரி முடிஞ்சுதோ? நாளைக்கு மழை விட்டிடுமெண்டு சொல்லுகினம்" என்றபடி வந்தவரின் பார்வை படத்தில் விழுந்தது. மடிப்பைப் பார்த்தார். சதுரத்தைப் பார்த்தார். அவர் மடையர் இல்லை. மேசையில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார்.

"இது வீரகத்தியின்ர வளவெல்லோ?"

"ஓம்."

"இது ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

மயில்வாகனம் நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தணித்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் இதைக் காணேல்ல. ஆனா ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. நாளைக்குப் பெரியவர் வாறார். இண்டைக்கு நீங்கள் இதை விரிச்சியளெண்டால் எஞ்சினியரும் போனார், நானும் போனன், நீங்கள் மறியலுக்குள்ள. உங்கட பெண்சாதி பிள்ளையை ஆர் பாக்கிறது? செத்ததுகள் எழும்பி வரப்போகுதுகளே? வெள்ளிக்கிழமை முடியட்டும். சனிக்கிழமை ஆறுதலாய்க் கதைப்பம்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தில்லைநாதன் நின்றார். சனிக்கிழமை. இரண்டே நாள். சொல்லமாட்டேன் என்று யார் சொன்னது? சொல்லத்தான் போகிறேன். மறியலுக்குள் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? யோசித்துப் பார்த்தால் அது பாய்த் தழும்பாகவும் இருக்கலாம், பூச்சியாகவும் இருக்கலாம். கமலா சொன்னாளே, அப்போதிக்கரிட்டைக் காட்டுவோம் என்று. யாராவது பொறாமைக்காரர் அந்த வீட்டைச் செய்து வைத்திருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போனவர், தன்னுடைய கைகள் படத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துவிட்டதைக் கவனித்தார்.

மேல் மடிப்பு. கீழ் மடிப்பு. இரண்டு விரல் அகலம் உள்ளே போனது. தாள் நனைந்திருந்தபடியால் இலேசாகவே இணங்கியது.

சோகியை எடுத்தார். ஒருதரம் தேய்த்தார்.

சர்ர்.

சுத்தமான மடிப்பு. எங்கேயோ தூரத்தில் ஏதோ ஒன்று அதே நேரம் ஒருமுறை சத்தம் போட்டதுபோல் இருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டார். சோகியைச் சட்டைப் பையில் போட்டு, அலுமாரியைப் பூட்டினார்.

வீட்டு விறாந்தையில் சைக்கிளைச் சாத்தியபோது மழை விட்டிருந்தது. தவளைகளும் கத்தவில்லை. மேசையில் கடகம் கவிழ்ந்தபடி, குழவி அதன்மேல் இருந்தபடி. குழவியை இறக்கிக் கடகத்தைத் தூக்கினார். நீலத்தில் வீடு இல்லை. இருந்த இடத்தில் சதுரமாக ஈரம் மட்டும் இருந்தது. அவர் சந்தோஷத்தில் அந்த ஈரத்தைக் கையாலேயே துடைத்தார். போய்விட்டது. தானாகவே போய்விட்டது. மற்ற வீடுகளை விரலால் தொட்டு எண்ணினார். நாற்பத்தெட்டு.

"கமலா" என்று கூப்பிட்டார். "பிள்ளை எங்கை?"

"நித்திரையப்பா." குசினியிலிருந்து குரல் வந்தது. "கண்ணைத் திறக்கமாட்டன் எண்டுது, பாவம். நான் எவ்வளவு நேரம் மடியில வைச்சிருக்கிறது? இப்பதான் அறைக்குள்ள கிடத்தினனான்."

"எப்ப?"

"இப்ப ஒரு அரை மணித்தியாலம் இருக்கும்."

அரை மணித்தியாலம். கந்தோரிலிருந்து வீட்டுக்கு அரை மணித்தியாலம்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. மெதுவான சத்தம். பழகிய சத்தம்.

சர்ர். சர்ர்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சோகி அங்கேதான் இருந்தது.

சர்ர்.

நின்றுவிட்டது.

கதவைத் தள்ளினார். சேற்று வாசம். யன்னல் வெளிச்சம். தரையில் ஈரமான சின்னக் காலடிகள், பாயிலிருந்து யன்னல்வரை. பாய் விரித்திருந்தது.

பாயில் பிள்ளை இல்லை. சட்டை மட்டும் மடித்து வைத்திருந்தது. மஞ்சள் பூப்போட்ட சட்டை. கமலா மடித்திருப்பாள்.

கமலா இப்படி மடிக்கமாட்டாள்.

மூலைகள் கூர். ஓரங்கள் நேர். கீறல்கள் வெளிப்பக்கம். மஞ்சள் பூக்கள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு வழுவாமல் ஓடின. துணி முடிகிற இடத்தில் முடியவில்லை. அதற்குக் கீழே தோல். தோலுக்குக் கீழே மறுபடியும் துணி. அடுக்குக்கு நடுவே இருந்து ஒரு பின்னலின் நுனி, ரிபனோடு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் தடிப்பு.

அவருடைய கண் வெடிப்பைத் தேடியது. பழக்கம். நாருக்குக் குறுக்கே போன மடிப்புகள். எட்டு மடிப்பு. எண்ணிப் பார்த்தார். ஓரிடத்திலும் வெடிப்பு இல்லை.

"இஞ்சேருங்கோ" என்று குசினியிலிருந்து கமலாசனி கூப்பிட்டாள். "பால் காய்ச்சியாச்சு. பிள்ளையை எழுப்பிக்கொண்டு வாங்கோ."

மேல் மடிப்பில் ஒரு கண் இருந்தது. மூடியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அது மெல்லத் திறந்து அவரைப் பார்த்தது.